பக்கம் பதினொன்றில் ஒரு மெய்

வாரத்தில் நான்கு நாள் கருந்துளைகளுக்கு வேலை செய்கிறேன்.
பெர்ன் பல்கலைக்கழகம், மூன்றாம் மாடி,
ஹீட்டர் இருமும் அறை.
வியாழக்கிழமைகளில் ஒன்பதாம் எண் டிராம், வாபெர்ன்,
அகதி விசாரணை, மணிக்கணக்கில் கூலி,
தமிழிலிருந்து ஜெர்மனுக்கு, ஜெர்மனிலிருந்து தமிழுக்கு.

அவர் பெயர் (மாற்றித்தான் சொல்கிறேன்) செபமாலை.
பிறந்த தேதி, பிறந்த இடம், குடியுரிமை.
மூன்றே கட்டங்கள்.
கருந்துளைக்கும் மூன்றுதான்:
நிறை, மின்னூட்டம், சுழற்சி.
உள்ளே விழுந்தது வலையா, பள்ளிக்கூடமா, பாதி எழுதிய கடிதமா,
வெளியே நின்று கேட்பவருக்கு
அதற்குமேல் பதில் கிடையாது.

பிறப்புச் சான்றிதழ் எங்கே என்று கேட்டார் திருமதி ஷ்டுக்கி.
கெட்டவரில்லை. தண்ணீர் ஊற்றித் தந்தார்.
செபமாலை ஒரு சொல் சொன்னார்.
நான் ஒரு சொல் சொன்னேன்: ஃபெர்பிரான்ட்.
தட்டச்சில் ஏறியது.

எங்கள் துறையில் ஒரு நம்பிக்கை உண்டு,
எரிந்த காகிதம் அழிந்த காகிதமில்லை.
சாம்பலையும், புகையின் ஒவ்வொரு துணுக்கையும்,
அன்றிரவு கடல் பக்கம் தப்பிப்போன வெளிச்சத்தையும்
ஒன்றுவிடாமல் பிடித்து வந்தால்
ஓட்டத்தைத் திருப்பிப்போட்டு
பதிவாளரின் கையெழுத்துவரை வாசித்துவிடலாம்.
கொள்கையளவில்.
இந்தச் சொல்லை நாங்கள் உப்பைப்போலப் போடுகிறோம்.

கருந்துளை மட்டும் அடங்க மறுக்கிறது.
மெல்ல ஆவியாகிறது. வருவது வெறும் சூடு,
உள்ளே போனதைத் தெரியவே தெரியாது என்று சாதிக்கும் சூடு.
கடைசித் துளியும் தீர்ந்தபின் எங்கே போனது அது?
பாதி கரையும்வரை எதுவும் சொல்லாது,
அப்புறம்தான் பேசத் தொடங்கும் என்கிறது ஒரு கணக்கு.
மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டேன்.
வருகிறது. ஏன் வருகிறதென்று கேட்காதீர்கள்.

செபமாலையும் மதியம்வரை ஆம், இல்லை.
காபிக்குப் பிறகு, யாரும் கேட்காமலே,
தன் படகின் என்ஜின் இலக்கத்தைச் சொன்னார்.
ஏழு எண்கள், தடுமாறாமல்.

நாலரை மணி. இனித் திருப்பி வாசிக்க வேண்டும்.
ஜெர்மனில் எழுதியதை மறுபடி தமிழில், வரிவரியாக,
பக்கத்துக்கொரு கையொப்பம்.
போன வழியே திரும்பி வர முடிகிறதா என்ற சோதனை.

பதினோராம் பக்கம்.
"சான்றிதழ் வீட்டோட எரிஞ்சது" என்று வாசித்தேன்.
பேனாவைக் கீழே வைத்தார்.
"எரிஞ்சது இல்லை, தங்கச்சி.
எரிச்சது."

ஞ் அல்ல, ச்.
ஒரே ஒரு மெய்.
மெல்லினம் என்றால் தானாகப் பற்றிக்கொண்ட வீடு.
வல்லினம் என்றால் வாசலில் ஆட்கள் நிற்கிறார்கள்.
ஜெர்மன் சொல் இரண்டையும் ஒரே வாயில் விழுங்கியிருந்தது.
இல்லை, சொல்லின் மேல் பழி போடக்கூடாது.
வேறு சொற்கள் இருந்தன.
இது குட்டையாக இருந்தது, எனக்குப் பசித்தது.

திருமதி ஷ்டுக்கி ஓரத்தில், அச்சுக்கு வெளியே, கையால் திருத்தினார்.
(உள்ளே போனதெல்லாம் விளிம்பில்தான் எழுதப்பட்டிருக்கிறது
என்று சத்தியம் செய்பவர்கள் எங்கள் மாடியில் இருவர்.)
பிறகு கேட்டார், எரித்தது யார்.

எழுவாய்.

அவர் ஜன்னலைப் பார்த்தார். குர்ட்டன் குன்றில் பனி.
நெடுநேரம்.
"ஆக்கள்" என்றார்.
"லொய்ட்டே" என்றேன்.
அந்த நெடுநேரத்துக்கு என்னிடம் எந்த மொழியிலும் சொல் இல்லை.
அறிக்கையில் அது ஒரு வெற்று வரிகூட ஆகவில்லை.

திரும்பும் டிராமில் கண்ணாடி வியர்த்திருந்தது.
விரலால் ச எழுதினேன், மேலே புள்ளி வைத்தேன்.
பக்கத்திலிருந்தவர் எந்த நிறுத்தமென்று பார்க்க
கையுறையால் துடைத்தார்.
மோன்பிஷூ.
கதவு திறந்தது.
அந்தக் கையுறை இறங்கிப் பனிக்குள் போனது.